மீனுக்குச் சேலைன்

இந்தக் காலத்துச் சனத்துக்கு எதையும் அதன் பாட்டில் விடத் தெரியாது என்பது சாமித்தம்பியின் தீர்ந்த முடிவு. கிணறு இருக்கிற வளவுக்குள் இருந்துகொண்டு போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனோடு ஃபோனில் பேசுகிறார்கள். அதெல்லாம் போகட்டும். மீனைக் கடவுள் படைத்தது ஆணம் காய்ச்சிச் சோற்றோடு தின்னத்தான். அந்தச் சின்ன விசயத்தையும் மறந்துபோய், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, மேலே லைட் போட்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் அவருடைய மகளே அந்த மீனுக்குச் சேலைன் ஏற்றுகிறாள் என்று ஊர் பேசுகிறது.

விடியல் வெள்ளாப்பில் ஆற்றில் வலை வீசிவிட்டுக் கரையேறியபோதுதான் அந்தக் கதை அவர் காதில் விழுந்தது. தோணிக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான்.

“சாமித்தம்பியண்ணே, உங்கட மகள்ற மீனுக்கு என்ன வருத்தம்? சேலைன் ஏத்துறாவாமே. ஆஸ்பத்திரில எந்த வாட்டுல வச்சிருக்கு?”

“உன்ட வாய்க்கு ஏத்தச் சொல்றன், பொறு,” என்று சொல்லிவிட்டு, பைக்குள் கிடந்த ஏழெட்டுத் திரளி மீனோடு அவர் வீட்டுக்கு நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குருக்கள்மடத்தில் மேற்கே ஆறு, கிழக்கே கடல், நடுவில் ஒரு தார் ரோட்டு. மாரி பிறந்தால் மூன்றும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

வீடு வதனிக்குச் சீதனமாகக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கொடுத்து முடித்ததும் சாமித்தம்பி வளவின் மூலையில் ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு அதற்குள் போய்விட்டார். பெண்சாதி செத்தபிறகு சாப்பாடு மட்டும் மகளிடம். அதற்காக வாயையும் அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்துத் தகரம் போட்ட பத்தியில் மீன் தொட்டி இருந்தது. முன்னால் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். மகள் வதனி, மருமகன் ஜெயரூபன், காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இஷாம். இஷாம் கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலில் மீன் தொட்டிகளைப் பராமரித்துவிட்டுத் திரும்பி வந்தவன். அவன் மடியில் தடித்த வெள்ளைக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதற்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் சுருள் சுருளாகச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தான். பிவிசிப் பசையின் மணம் பத்தி முழுக்க அடித்தது.

“என்ன தம்பி இது? தண்ணிப் பீலியா?”

“வடிகட்டி ஐயா.”

“வடிகட்டிதான் அந்தா மூலைக்குள்ள புறுபுறுத்துக்கொண்டு கிடக்கே. அது காணாதா?”

“அது ஊத்தையத்தான் எடுக்கும் அப்பா,” என்றாள் வதனி, தலையை நிமிர்த்தாமல். “கரைஞ்சு கிடக்கிற நைத்திரேற்ற எடுக்காது.”

“என்னத்த?”

“நைத்திரேற்று. மீன் தின்னுது, மறுகா கழிக்குது. அந்தக் கழிவு பழுதாகிப் பழுதாகிக் கடைசியா இப்பிடி வந்து நிக்கும். யூரியா மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்க. கூடிச்செண்டா மீன் தின்னாது. நிறம் மங்கும். குஞ்சு வளராது.”

“யூரியா போட்டா வளருமெண்டுதானே வயல் வட்டையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுறானுகள்?”

இஷாம் சிரிப்பை அடக்க முடியாமல் பசைப் பேணியைக் கீழே வைத்தான்.

“அது நெல்லு ஐயா. இது மீன்.”

“அது எனக்கும் தெரியும். அப்ப தண்ணிய மாத்துங்கவன். கடல் இந்தா, கூப்பிடு தூரத்துல கிடக்கு.”

“கடலப் போய்ப் பாத்தீங்களா?” என்று வதனி கேட்டாள்.

பார்த்திருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயலெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியதும் சனம் கத்தி, அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆட்கள் வந்து, கல்லாற்றுப் பக்கம் ஆற்றுவாயை வெட்டிவிட்டார்கள். மணல் திட்டு உடைந்து ஆறு முழுவதும் கடலுக்குள் இறங்கியது. கடல் இப்போது பால் விடாத தேத்தண்ணீர் போலக் கிடக்கிறது. கரை நெடுக மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடி அழுகிக் குவிந்திருக்கிறது. மாரி ஓய்ந்து தெளியும்வரை ஒரு வாளி உப்புத் தண்ணீர் அள்ள முடியாது. வெட்டுவதற்கு முதல் நாள் அள்ளி வைத்த பீப்பாய் ஒன்றுதான் மிச்சம். அதையும் அவள் நகை போல மூடி வைத்திருந்தாள்.

“அதுதான் சொல்றன்,” என்றாள். “உள்ளுக்குக் கிடக்கிற தண்ணியத்தான் திருத்தோணும்.”

தொட்டிக்குள் சிவப்பில் வெள்ளை வரி போட்ட சோடி மீன் இரண்டு. பக்கத்துத் தொட்டியில் அவற்றின் குஞ்சுகள், நகத்தளவு. கடலில் பிடித்த குஞ்சுகள் அல்ல. ஓட்டுத் துண்டில் முட்டை இட்டு, வீட்டிலேயே பொரித்து, கண்ணுக்குத் தெரியாத தீனி கொடுத்து, முந்தின ஈட்டுக் குஞ்செல்லாம் செத்து, இந்த ஈட்டில்தான் தப்பியவை. மழை ஓய்ந்ததும் கொழும்பிலிருந்து வாகனம் வரும். குஞ்சு தின்று கொழுத்து நின்றால் எடுப்பேன், தொடர்ந்தும் எடுப்பேன் என்று வாங்குகிறவர் சொல்லியிருந்தார்.

எடுக்காவிட்டால் ஜெயரூபன் மேற்குக் கரையில் கற்பிட்டிக்கு மீன் பிடிக்கப் போவான். இதுதான் அந்த வீட்டில் நின்ற பிரச்சினை.

ஜெயரூபன் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடிக் கல்லுக்குள் இறங்கி அழகு மீன் பிடிக்கிறவன். போன சோழகக் காற்றுக் காலத்தில் ஆழத்தில் வைத்து இடது காது வெடித்தது. மூக்காலும் காதாலும் இரத்தம் வழியக் கொண்டுவந்து போட்டார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது, மற்றக் காதும் வேண்டுமென்றால் இனித் தண்ணீருக்குக் கீழே தலையைக் கொண்டுபோகாதே என்று. ஆனால் மாரியில் இந்தக் கடல் அடைபட்டால் முதலாளி தன் ஆட்களை மேற்குக் கரைக்குக் கூப்பிடுவான். வேன் வரும்.

“எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?” என்று ஜெயரூபன் கேட்பான், தனக்கே காது கேளாததால் உரக்க.

“மீன் வளக்கத் தெரியும்,” என்பாள் வதனி, அவனைவிட உரக்க. “நீங்க போகமாட்டீங்க.”

இஷாம் குழாயின் வாயை மூடிப் பசை பூசிக்கொண்டே விளங்கப்படுத்தினான்.

“இங்க பாருங்க ஐயா. இந்தச் சுருளுக்குள்ளால தண்ணி துளித்துளியாப் போகும். முன்னுக்கு இரிக்கிற கிருமி தண்ணில உள்ள காத்தெல்லாத்தையும் திண்டு முடிச்சிரும். பின்னுக்கு இரிக்கிற கிருமிக்கு மூச்சு விடக் காத்தில்ல. அப்ப அது என்ன செய்யும்? நைத்திரேற்ற உடைச்சு, அதுக்குள்ள இரிக்கிற காத்த எடுத்து மூச்சு விடும்.”

சாமித்தம்பி யோசித்தார்.

“அப்ப மூச்சு முட்ட வச்சு வேல வாங்குறீங்க. கத்தார்ல உன்னட்டயும் இப்பிடித்தான் வாங்கினானுகளா?”

“அதேதான் ஐயா. அங்க படிச்சதுதான்.”

வெளியே வருகிற முனையில் ஃபார்மசியில் வாங்கிய சேலைன் குழாயைப் பூட்டினார்கள். அதன் சின்னச் சக்கரத்தை உருட்டினால் துளி கூடும், குறையும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகக் கிடக்கிறவனின் தலைமாட்டில் தொங்குவது போல அது குஞ்சுத் தொட்டிக்கு மேலே தொங்கியது. டொக், டொக் என்று விழுந்தது. சாமித்தம்பிக்கு அதைப் பார்க்கவே அந்தரமாக இருந்தது. தண்ணீர் என்றால் ஓட வேண்டும். ஆறு அடைபட்டால் நாறும், மீன் வாயைப் பிளக்கும். அப்போது போய் வாயை வெட்டி விடுவார்கள். மண்வெட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டியவர்களில் அவரும் ஒருவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சில கிழமை கழித்துக் குடிலுக்குள் ஒரு களவு நடந்தது. முகட்டு வளையில் சொருகி வைத்த அரைப் போத்தல் சாராயம் நாளுக்கு நாள் இறங்கியது. அவர் குடித்தது அவருக்குத் தெரியும். இது வேறு இறக்கம். நேரே போய் மருமகனைப் பிடித்தார்.

“மருமகன், எடுத்தா எடுத்ததெண்டு சொல்லோணும்.”

“என்ன மாமா? உடுப்பா?”

“உடுப்பில்லடா. சாராயம்!”

“ஓம் மாமா, தாராளமா. மழ வரும்போல.”

வதனி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் தேங்காய்ப் பூ.

“நான்தான் எடுத்தன்.”

“நீயா? நீ எப்பத் தொடக்கம்—”

“எனக்கில்ல. கிருமிக்கு. அதுக்கும் தீனி வேணும். முதல்ல சீனிதான் போட்டன். தண்ணி கலங்கிட்டு. சாராயம் நல்லமெண்டு இஷாம் சொன்னார்.”

பத்தியில் நின்ற இஷாம் கையை உயர்த்தினான். “நல்லமெண்டு மட்டுந்தான் ஐயா சொன்ன. நான் தொடல்ல. போத்தலக் கண்டதும் அங்கால போய் நிண்டுட்டன். ஊத்தினது உங்கட மகள்தான்.”

“கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு என்ட சாராயம்! எனக்குப் பழஞ்சோறு!”

“பழஞ்சோத்துக்குத் திரளி பொரிச்சும் தந்த நான்.”

“அது நான் புடிச்ச திரளி!”

“பொரிச்சது நான். கத்தாதீங்க, குஞ்சு வெருளும்.”

அவர் போத்தலை எடுத்துக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் புதைத்தார். அடுத்த நாளும் இறங்கியிருந்தது.

வதனி ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துத் துளி விட்டு, ஆட்டிப் பார்ப்பாள். சிவந்தால் கூடாது, மஞ்சளானால் நல்லது. ஆரம்பத்தில் அது வெற்றிலை துப்பியது போல இருந்தது. இப்போது செம்மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. அவள் அதை ஒவ்வொரு தடவையும் தகப்பனின் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

“நிறம் மாறுது, பாருங்க.”

“சாயம் பழசாகியிருக்கும்.”

ஒரு நாள் அவர் ஆள் இல்லாத நேரம் பார்த்து விரலைத் தொட்டியில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. “ஒரு மசிரும் மாறல்ல,” என்று மீனுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

ஜெயரூபனுக்குக் காது பார்க்கிற நாள் வந்தது. இரண்டு பேரும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்கள். போகும்போது வதனி வடிகட்டிக்குக் கிட்டப் போய் மூக்கைச் சுளித்தாள்.

“ஒள்ளுப்பம் நாறுது. துளி குறைஞ்சு போட்டுது. வந்து ஒரு சொட்டுக் கூட்டிவிடுறன். நீங்க தொடாதீங்க அப்பா. கேட்டுதா? தொடாதீங்க.”

“நான் ஏன் தொடுறன் உன்ட கோதாரிய.”

மத்தியானம் மழை விட்டுப் புழுங்கியது. அவர் மகள் மூடி வைத்த சோற்றையும் கீரைச் சுண்டலையும் தின்றுவிட்டுப் பத்திக்குள் வந்து சுருட்டைப் பற்றவைத்தார். நாற்றம் கூடியிருந்தது. கூழ் முட்டை நாற்றம். கண்டல் வேருக்குள் சேற்றைக் கிளறினால் வருகிற அதே நாற்றம். ஆறு அடைபட்டுக் கிடந்த வருசங்களில் கரைக் குடிகள் சோறு தின்ன முடியாமல் தவித்த நாற்றம். சேலைன் குழாய் டொக் என்றது. நெடுநேரம் யோசித்து, பிறகு இன்னொரு டொக் என்றது.

“அடைபட்டு அழுகுது,” என்றார் சாமித்தம்பி. “அவள் வாறதுக்குள்ள எல்லாம் செத்துரும்.”

பெருவிரலால் சக்கரத்தை மேலே உருட்டினார், முடிந்த மட்டும்.

தண்ணீர் கோடாக இறங்கியது. முதலில் சாம்பல் நிறம், பிறகு அரிசி கழுவின நிறம், கறுத்த கசடு கசடாக ஏதோவும் வந்தது. நல்லது, ஊத்தை போகட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். சுருட்டு முடிவதற்குள் தொட்டி மங்கிவிட்டது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சரிந்தது. அவர் சக்கரத்தை மூடினார். வாளியால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார், தண்ணீருக்குள் காற்றாவது போகட்டும் என்று.

அவர்கள் வந்தபோதும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வதனி ஓடி வந்து தொட்டிக்குள் பார்த்தாள். கைப்பையை நிலத்தில் எறிந்தாள். பீப்பாயின் மூடியை உடைத்தாள். பழைய தண்ணீரைக் குழாய் வைத்து வெளியே விட்டுக்கொண்டே மூடி வைத்த கடல் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். பீப்பாய் காலியாகிக் குப்புற விழுந்தபோது, செத்த குஞ்சுகளை ஒரு கோப்பைக்குள் வடித்து எடுத்தாள். பாதியளவு. அதன் பிறகுதான் திரும்பினாள்.

“ஆர் திறந்த?”

“நான்தான். வேற ஆர் இருக்கா இஞ்ச?”

“தொடாதீங்க எண்டு சொன்னன்.”

“கூட்டோணும் எண்டும் சொன்னாய்! நாறிச்சு, திறந்தன். அடைச்ச தண்ணிய வெட்டித்தான் விடோணும். உன்ட பாட்டன் காலத்துல இருந்து அப்பிடித்தான்.”

“இது ஆறு இல்ல அப்பா! இதுக்குள்ள கிடந்தது அவ்வளவும் நஞ்சு. ஒரு சொட்டுக் கூட்டினா அது தன்பாட்டுல அடங்கும். ஒரேயடியாத் திறந்தா நஞ்செல்லாம் மீனுக்கு மேல. கிருமிக்கும் காத்துப் பட்டிட்டு. இனி அது வேல செய்ய எத்தின நாள் செல்லுமோ. மாத்தவும் தண்ணி இல்ல.”

“நல்ல தண்ணியெண்டா ஏன் நஞ்சாகுது? அதச் சொல்லு! நஞ்சு வடிக்கிற சாமான நீதான் கட்டித் தூக்கியிருக்காய். நான் திறந்து காட்டினன்.”

“இது என்ட வீடு. இனிப் பத்திக்குள்ள கால் வைக்கப்பொடா.”

“வைக்கல்ல போ. பெரிய பத்தி.”

ஜெயரூபன் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். எவ்வளவு கேட்டதோ தெரியாது. கோப்பைக்குள் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தான். உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே கிடந்த சுழியோடும் முகமூடியையும் கால் செட்டையையும் இழுத்துத் தூசி தட்டினான். ஃபோனை எடுத்து, கேட்கிற காதில் வைத்து, கற்பிட்டிக்கு வேன் எப்போது போகுது என்று உரக்கக் கேட்டான்.

அன்றும் மறுநாளும் குஞ்சுகள் தின்னவில்லை. குழலில் தண்ணீர் மறுபடியும் சிவந்தது. வதனி இஷாமிடம் ஃபோனில் கேட்டாள். கிருமி முழுக்கச் சாகாது, தீனியை விடாதே, துளியை எண்ணு, அல்லாஹ் காப்பாத்துவான் என்றான் அவன். அவள் பத்தியை விட்டு எழும்பவில்லை. சோறு சமைத்து இறக்கியதும் அங்கேயே போய்க் குந்தினாள். புருசன் பையில் உடுப்பு அடுக்குவதைக் கண்டபோதும் எழும்பவில்லை.

“அடுக்குங்க,” என்றாள். “அடுக்கி வச்சா உடுப்பு நல்லாத்தான் இருக்கும். போகமாட்டீங்க.”

“என்ன சொல்றாய்?”

“போகமாட்டீங்க எண்டன்!”

சாமித்தம்பி வாசல் படியில் சாப்பிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வாய்ச் சோற்றை வெகுநேரம் மென்றார். அவருக்கு அந்தக் குழாயில் நம்பிக்கை இல்லை. கிருமியில் இல்லை. இஷாமில் கொஞ்சம் இருந்தது, அவன் பகிடியை விளங்கிக்கொள்கிறவன் என்பதால். மீன் சாகும் என்றே நினைத்தார். ஆனால் கடலிலிருந்து மருமகனைக் கொண்டுவந்த அன்று, தலையணையில் கிடந்த இரத்தத்தைக் கிணற்றடியில் கழுவியது அவர்தான்.

வேன் வெயிலேறின நேரம் வந்தது. சாரதி தார் ரோட்டில் நின்று ஹோர்ன் அடித்தான். உள்ளே மூன்று நான்கு பெடியன்கள் சிலிண்டர்களுக்கு நடுவில் ஒடுங்கி இருந்தார்கள். ஜெயரூபனுக்கு ஹோர்ன் கேட்கவில்லை. அவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சாமித்தம்பி சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வளவு வாசல் கடப்படிக்குப் போனார்.

“எங்க ஜெயா?” என்றான் சாரதி.

“வரமாட்டான்.”

“வாறனெண்டு சொன்னாரே. ஏன், மீன் தப்பிட்டா?”

“மீன் தப்பினா என்ன, செத்தா என்ன? அவன்ட மிச்சக் காது இஞ்ச கிடக்கட்டும். என்ட மகள் கத்துறதக் கேக்க ஆள் வேணும். நான் ஒருத்தன் கேட்டுக் காணாது.”

வேனுக்குள் ஒரு பெடியன் சிரித்தான்.

“ஐயா, முதலாளி மறுகா கூப்பிடமாட்டார். யோசிச்சுச் சொல்லுங்க.”

“உன்ட முதலாளி ஒருக்கா இறங்கிப் பாத்தவனா? ரெண்டு காதும் நல்லாத்தானே கேக்குது அவனுக்கு? கேட்டா இதச் சொல்லு. குருக்கள்மடத்துக் கிழவன் ஒருத்தன் வேனை வந்த வழிக்கே கிறுக்கி விட்டானெண்டு சொல்லு. எடு வண்டிய. ரோட்ட மறைச்சுக்கொண்டு நிக்காத.”

வேன் போய்விட்டது. ஜெயரூபன் பையோடு ஓடி வந்தபோது புகை மட்டும் நின்றது.

“மாமா! என்ன செஞ்ச நீங்க? முடிவெடுக்க நீங்க ஆர்?”

“மாமன்.”

“மீன் செத்தா என்ன செய்யிற?”

“சாகும் எண்டுதான் நானும் சொல்றன்.”

“அப்ப எதுக்கு வேன அனுப்பின?”

“உன்ட காதும் மீனும் ஒண்டா? விசரா!” சாமித்தம்பி அவன் கேட்கிற காதுப் பக்கம் போய் நின்று கத்தினார். “மீன் செத்தா வலை வீசப் பழக்குறன். ஆத்துல இடுப்பளவுதான் தண்ணி. தலை வெளியிலதான் நிக்கும். விளங்கிச்சா?”

ஜெயரூபன் பையை நிலத்தில் போட்டான். மாமனை முறைத்துக்கொண்டே நின்றான்.

அதன்பிறகு பல நாள் மாமனும் மருமகனும் பேசவில்லை. மகளும் தகப்பனும் பேசவில்லை. அவருடைய சோறு மட்டும் நேரத்துக்குப் படியில் வந்தது. பத்தியிலிருந்து டொக், டொக் என்ற சத்தமும் வந்துகொண்டே இருந்தது.

மழை வெளித்த ஒரு காலையில் வதனி கூப்பிட்டாள்.

“அப்பா, இஞ்ச வாங்க.”

“கால் வைக்கப்பொடா எண்டாய்.”

“கையத்தான் வைக்கப்பொடா. வாங்க.”

அவர் நிலைமரத்தோடு நின்றுகொண்டார். அவள் கண்ணாடிக் குழலை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். எலுமிச்சம்பழ மஞ்சள். தொட்டிக்குள் ஜெயரூபன் ஒரு துளி தீனி விட்டான். மிஞ்சிய குஞ்சுகள் மூலைகளிலிருந்து பாய்ந்து வந்து மொய்த்தன. அவன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். வதனியின் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

“திங்குது. பாத்தீங்களா?”

“பசிச்சாத் திங்கும். இதுல என்ன புதினம்?”

“நிறம் மஞ்சளாகிட்டு அப்பா!”

“மழ விட்டிட்டு. வெயில் வந்திட்டு. ஆத்துலயும் இண்டைக்கு மீன் துள்ளுது. அங்கயும் நீயா போய்ச் சேலைன் ஏத்தின?”

“கண்ணால கண்டும் நம்பமாட்டீங்களா?”

“குஞ்சு தப்பினதக் கண்டன். நீ குந்தின குந்தல்ல எழும்பாம இருந்ததக் கண்டன். இந்தக் குழாய் என்ன செஞ்சதெண்டு நான் காணல்ல. காணாதத எனக்கு நம்பச் சொல்லாத.”

“கொழும்பு வாகனம் வந்து ஏத்திக்கொண்டு போகட்டும். அப்ப என்ன சொல்றீங்க பாப்பம்.”

“அவனும் சோத்துக்கு ஆகாத மீனத்தானே வாங்குறான். அவன்ட சொல்லு எனக்கெதுக்கு?”

ஜெயரூபன் இந்தத் தடவை முழுவதையும் கேட்டுவிட்டான் போலிருந்தது. குலுங்கிச் சிரித்தான். வதனி குழலை அவனிடம் கொடுத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். அடுத்த சொல்லுக்கு அவள் மூச்செடுப்பதற்குள் சாமித்தம்பி கிறுகித் திரும்பிவிட்டார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈர மணலில் கால் புதையப் புதைய, இல்லை என்று தலையை ஆட்டியபடி ஆற்றுப் பக்கம் நடந்தார்.